அளவு நாடாவோடு ஆறு நாள்

முதலாம் நாள்: கொழும்பு, நவகம்புர

யுத்தம் முடிந்த பிறகு சில வருடம் வன்னியில் வீட்டுத்திட்டத்தில் ரி.ஓ.வாக வேலை பார்த்தேன். தொழில்நுட்ப உத்தியோகத்தர் என்பது முழுப் பெயர். அந்தப் பெயரால் என்னை யாரும் கூப்பிட்டதில்லை. மோட்டார் சைக்கிளில் அளவு நாடாவோடு போய், அத்திவாரம் முடிந்ததா, சுவர் எழும்பியதா, கூரை ஏறியதா என்று பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். கையெழுத்து விழுந்தால்தான் அடுத்த கட்டக் காசு வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கு வரும். அப்படிக் கையெழுத்து வைத்த வீடுகளில் சிலதையாவது திரும்பப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. இப்போதுதான் லீவு சரிவந்தது. பழைய நாடாவும் பைக்குள் இருக்கிறது. எதற்கு என்று கேட்டால் எனக்கே தெரியாது.

வடக்கே போவதற்கு முன் கொழும்பில் ஒரு நாள் தங்கினேன். நாங்கள் வன்னியில் செய்த வேலைக்கு மூத்த உறவு ஒன்று இங்கே இருக்கிறது. கிராண்ட்பாஸ் பக்கம், நவகம்புர.

1984இல் அன்றைய பிரதமர் பிரேமதாச தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத்திட்டத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதற்கு முந்திய திட்டம் 1978இல் தொடங்கிய ஒரு இலட்சம் வீடு. அதில் ஒரு பகுதியை அரசே கட்டிக் கொடுத்தது, செலவு தாங்கவில்லை. அடுத்த திட்டத்தில் அரசு பின்னுக்கு நின்றது: காணி, சிறு கடன், ஆலோசனை மட்டும் தருவோம், கட்டுவது உங்கள் பாடு. ஏழை நாட்டு அரசுக்கு இது சிக்கனம் என்று ஒரு பக்கம் சொல்லலாம். ஆனால் நவகம்புரவில் நடந்தது சிக்கனத்துக்கு மேலான ஒன்று. நகரத்தின் வேறு இடங்களில் குடிசை போட்டிருந்த குடும்பங்களை இங்கே கொண்டுவந்து, ஒரு குடும்பத்துக்கு இரண்டு பேர்ச் காணி கொடுத்தார்கள். ஏறக்குறைய 50 சதுர மீற்றர். வழமையான சட்டத்தின்படி வீடு கட்ட ஆறு பேர்ச் வேண்டும். அந்தச் சட்டம் இங்கே நடக்காது என்று ஒப்புக்கொண்டு, இந்தத் தெருவுக்கான கட்டட விதியைத் தெருக்காரரே கூடி இருந்து எழுதட்டும் என்று விட்டார்கள்.

சந்துக்குள் இப்போது பகலிலும் வெளிச்சம் குறைவு. இரண்டு பேர்ச்சில் மூன்று மாடி, சில இடத்தில் நான்கு. படிக்கட்டு வீட்டுக்கு வெளியே, பக்கத்து வீட்டுச் சுவரை உரசிக்கொண்டு ஏறுகிறது. ஒரு உம்மா வாசலில் இருந்தார். நான் மேலே அண்ணாந்து பார்ப்பதைக் கண்டு, "என்ன வாப்பா பாக்கிறீங்க, கரண்ட் ஆளா?" என்றார். இல்லை, பழைய வீட்டுத்திட்டம் பார்க்க வந்தேன் என்றேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

விதி எழுதக் கூடியபோது, கூரைத் தண்ணீர் யார் பக்கம் விழ வேண்டும் என்று இரண்டு நாள் சண்டை பிடித்தார்களாம். இருவருக்கும் பொதுவான சுவரை யார் கட்டுவது, முதலில் கட்டியவருக்கு அடுத்தவர் பாதிக் காசு கொடுக்க வேண்டுமா? ஜன்னல் யாருடைய ஜன்னலைப் பார்க்கக் கூடாது? சந்து எவ்வளவு அகலம்? எல்லாம் பேசித்தான் எழுதினார்கள். "அந்தப் பேப்பர் இருக்கா?" என்று கேட்டேன். சிரித்தார். "பேப்பர் எங்க! இப்ப மேல் மாடி போட்டவன் ஒருத்தனும் கேக்கல்ல. ஆனா அந்தச் சந்து அகலத்தை மட்டும் யாரும் தொடல்ல, பாருங்க. சாவு வந்தா ஜனாஸா கொண்டு போகணுமே."

நாடாவை எடுத்து அளந்தேன். ஒரு இடத்தில் மட்டும் யாரோ ஒரு படியை அரையடி நீட்டியிருந்தார்கள். மற்றபடி சந்து நேராகத்தான் கிடக்கிறது.

இந்தத் திட்டத்தின் காலத்தில் கொழும்பின் குடியிருப்புகளில் பிறந்த இன்னொரு வழக்கம்தான் சமூக ஒப்பந்தம். வடிகால், கிணறு, பொதுக் கழிப்பறை போன்ற சிறு வேலைகளை வெளி ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்காமல், அந்தக் குடியிருப்பின் சங்கத்துக்கே ஒப்பந்தமாகக் கொடுப்பது. இலாபம் வந்தால் அது சங்கத்தின் கையில் நிற்கும். 1980களின் நடுவில் இங்கே தொடங்கியது பிறகு வேறு நாடுகளுக்கும் போனது. அதே கொழும்பில் 2010க்குப் பிறகு பன்மாடிக் கட்டடங்களை எழுப்பி, தோட்டம் என்று சொல்லும் குடிசைக் குடியிருப்புகளில் இருந்தவர்களை லிஃப்டில் ஏற்றினார்கள். நகர அபிவிருத்தியைப் பாதுகாப்பு அமைச்சின் கீழ் வைத்திருந்த காலம் அது. அங்கே சந்தின் அகலத்தை யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள்: யாழ்தேவி ரயில்

யாழ்தேவியில் கிளிநொச்சி. எழுத அதிகம் இல்லை. வவுனியா தாண்டியதும் நான் வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்தேன்: ஜன்னலோரம் இருந்து கூரைகளை எண்ணுவது. 2010இல் இந்தப் பாதையில் பார்த்ததெல்லாம் வெள்ளைத் தறப்பாளும், மொட்டைச் சுவரும், தலையில்லாத பனையும்தான். மெனிக் பாம் அகதி முகாமிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிய நாட்கள். பன்னிரண்டு தகரமும் சில சீமெந்துப் பையும் கொடுத்து "போய் இருங்கோ" என்றார்கள். இப்போது ஓடு, ஓடு, இடையில் அஸ்பெஸ்டஸ், திரும்பவும் ஓடு.

பக்கத்தில் இருந்த பையன், பதினெட்டு இருக்கும், ஏன் வெளியே பார்த்து விரல் மடக்குகிறேன் என்று கேட்டான். வீடு எண்ணுகிறேன் என்றேன். "எந்த வீட்டுத்திட்டத்து வீடு?" என்றான் உடனே. வன்னிப் பிள்ளைகளுக்கு வீட்டைப் பார்த்தாலே எந்த நாட்டுக் காசு என்று தெரியும். கூரைச் சாய்வு, விறாந்தைத் தூண், சுவரில் பதித்த சின்னக் கல்வெட்டு. அவன் என்னைவிட வேகமாகச் சொன்னான். "அது இந்தியன். அது சுவிஸ். அது ஐரோப்பா. அந்தப் பச்சை பெயின்ற் ஆரும் தந்ததில்லை, லண்டன் காசு."

மூன்றாம் நாள்: கிளிநொச்சியிலிருந்து உள்ளே

இன்று நடந்ததைக் கொஞ்சம் ஆறுதலாக எழுத வேண்டும்.

இந்திய வீட்டுத்திட்டம் என்று எல்லோரும் சொல்வது 50,000 வீட்டுக்கான உதவி, 2010இல் அறிவிக்கப்பட்டது. முதல் 1,000 வீட்டை ஒப்பந்தக்காரர் கட்டினார். 2012 ஒக்டோபர் 2இல் தொடங்கிய அடுத்த கட்டத்தில் முறையை மாற்றினார்கள். வடக்கு கிழக்கில் வீட்டுக்காரரே கட்டுவார். புது வீட்டுக்கு 5,50,000 ரூபா, நான்கு கட்டமாக, இந்தியத் தூதரகத்திலிருந்து நேரே அவருடைய கணக்குக்கு. இடையில் எந்த அலுவலகத்தின் கையும் காசைத் தொடாது. வீடு குறைந்தது 550 சதுர அடி இருக்க வேண்டும். மேசனைத் தேடுவது, மணல் ஏற்றுவது, ஓடு பேரம் பேசுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. பார்த்துச் சரி சொல்வது எங்கள் பொறுப்பு.

நான் தேடிப் போன அக்காவின் வீடு குளக்கட்டிலிருந்து ஒரு கிலோமீற்றர் இருக்கும். கணவர் 2009இல் காணாமல் போனவர். மூன்று பெண் பிள்ளைகள். 2013இல் அத்திவாரம் குறிக்கும் நாளன்று நான் போனபோது அவர் ஏற்கெனவே கயிறு கட்டி முடித்திருந்தார். அளந்தேன். 720 சதுர அடி.

"550க்குத்தான் காசு அக்கா. மிச்சத்துக்கு என்ன செய்வியள்?"

"அதை நான் பாக்கிறன். நீங்கள் குறியுங்கோ."

"கூரை ஏறாமல் நிண்டிடும். அடுத்த காசு வராது."

"மூண்டு பொம்பிளைப் பிள்ளையள். ஒரு அறைக்குள்ள எத்தினை வருசம் கிடக்கிறது? பிறகு இடிச்சுக் கட்ட ஏலுமே?"

பெரிதாகக் கட்ட விட வேண்டாம் என்பது எங்களுக்கு வந்திருந்த கண்டிப்பான சொல். அதில் நியாயமும் இருந்தது. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான வீடு எழும்பினால் மணலுக்கு வரிசை, மேசனுக்கு வரிசை, ஓட்டுக்கு விலை. கையில் வந்த காசு மாதத்துக்கு மாதம் சுருங்கிக்கொண்டிருந்தது. மர வளைகளுக்கு அனுமதிப் பத்திரம் எடுக்கவே வாரக் கணக்கில் அலைய வேண்டும். அரைச் சுவரோடு நின்ற வீடுகளை நான் நிறையப் பார்த்திருந்தேன். இருந்தும் அன்று குறித்துக் கொடுத்துக் கையெழுத்து வைத்தேன். பெரிய துணிச்சல் எல்லாம் இல்லை. வெயில், பசி, அவருடைய குரலில் இருந்த உறுதி. மனிதர் முடிவெடுக்கும் விதம் பல நேரம் இப்படித்தான்.

இன்று படலையில் நின்று கூப்பிட்டதும் வந்து பார்த்தார். அடையாளம் பிடிக்க இரண்டு நிமிடம் போனது.

"ரி.ஓ. தம்பியோ? தலை நரைச்சுப் போச்சு. வாங்கோ, வாங்கோ."

வீடு நிற்கிறது. முன்பக்கம் பூச்சு, பெயின்ற் எல்லாம் உண்டு. பின்பக்கச் சுவரில் இன்னும் கல் தெரிகிறது. சமையலறை என்று வரைபடத்தில் போட்டுக் கொடுத்த அறையில் நெல் மூட்டை அடுக்கியிருக்கிறது. சமையல் வெளியே, மண் சுவரும் கிடுகும் போட்ட கொட்டிலில். இதையும் நான் அன்று எதிர்த்திருக்கிறேன். விறகடுப்புப் புகை ஓட்டுக்குள் தங்கி வீடு கறுத்துப்போகும் என்று எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு எந்தத் தெருவில் பார்த்தாலும் அதே கதைதான். சமையலறை என்று நாங்கள் வரைந்ததெல்லாம் களஞ்சியம்.

கடனைப் பற்றி நானே கேட்டேன். மூடி மறைக்காமல் சொன்னார். தாலிக்கொடி முதலில் அடகுக்குப் போனது. பிறகு சிறுகடன் கொம்பனி ஒன்று, அதைக் கட்ட இன்னொன்று. கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்பார்கள். மூத்தவள் படிப்பை நிறுத்தி ஆடைத் தொழிற்சாலைக்குப் போனாள். கடன் முடிய ஆறு வருடம். கொடி திரும்பி வரவே இல்லை.

எனக்குத் தொண்டை கட்டியது. "நான் அண்டைக்குக் கையெழுத்து வச்சது பிழையோ அக்கா?"

"என்ன பிழை? நீங்கள் ஏலாது எண்டிருந்தா, நீங்கள் போன பிறகு மற்ற அறையைப் போட்டிருப்பன். அத்திவாரம் இல்லாமப் போட்டிருப்பன்."

மூத்தவளின் படிப்பைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பின்னேரம் அந்தத் தெருவில் நடந்தேன். அன்று ஏழு வீட்டுக்காரர் சேர்ந்து கல் அரிந்தவர்கள். ஒரு அச்சை வாடகைக்கு எடுத்து, ஒவ்வொரு கிழமையும் ஒரு வளவில் வைத்து, அந்த வீட்டுக்கான கல் முடிந்ததும் அடுத்த வளவுக்கு நகர்த்தினார்கள். ஆம்பிளை இல்லாத வீட்டுக்குக் கலவை குழைக்க மற்ற வீட்டு ஆம்பிளைகள் வந்தார்கள். அதற்குப் பதிலாக அந்த வீட்டுப் பெண்கள் கல்லுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். சீமெந்துக் கல்லை ஏழு நாளாவது நனைத்து வைக்க வேண்டும். அதைக் கடையில் கல் விற்கிறவன் செய்வதில்லை, வீட்டுக்காரி செய்வாள். ஒரு பைச் சீமெந்தில் கூடுதல் கல் எடுத்துக் காசு மிச்சம் பிடிக்கப் பார்த்தவர்களின் கல் கையிலேயே உதிர்ந்தது. யார் அப்படிச் செய்தார்கள் என்று தெரு முழுக்கத் தெரியும் என்பதால் இரண்டாம் கிழமைக்குப் பிறகு யாரும் செய்யவில்லை. நான் மேற்பார்வை செய்ததைவிட இது பலமடங்கு நல்ல மேற்பார்வை.

தெருவின் கடைசி வளவில் இன்னும் தகரக் கொட்டில்தான். தனியாக இருந்த ஒரு அம்மாவின் காணி அது. புள்ளி போட்டுத்தான் குடும்பங்களைத் தெரிந்தார்கள். தங்கியிருப்போர் கூடினால் புள்ளி கூடும், தனி ஆளுக்குக் குறையும். பெயர்ப் பட்டியலைக் கிராம அலுவலர் அலுவலகத்தில் ஒட்டியபோது அவர் வந்து தன் பெயரைத் தேடியது நினைவிருக்கிறது. ஊர்க் கூட்டத்தில் இரண்டு பேர் அவருக்காக எழும்பிக் கதைத்தார்கள். புள்ளிக் கணக்கு எங்கள் கூட்டத்தில் போட்டதல்ல என்று நாங்கள் பதில் சொன்னோம். அவர் இப்போது இல்லை. கொட்டிலில் ஆடு கட்டியிருக்கிறது.

நான்காம் நாள்: முல்லைத்தீவுக் கரை

பஸ்ஸில் பரந்தன், புதுக்குடியிருப்பு வழியாகக் கடற்கரைக்கு. இங்கே ஒரு ஐயாவைப் பார்க்க வேண்டியிருந்தது. என் கையெழுத்து விழுந்த வீடுதான். ஆனால் அவருக்கு அது மூன்றாவது வீடு.

முதல் வீட்டை 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனது. அதற்குப் பிறகு அரசு கரையோரத்தில் தடை வலயம் அறிவித்தது, தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கு கிழக்கில் 200 மீற்றர். வலயத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கு முழுச் சேதத்துக்கு 2,50,000 ரூபா காசாகக் கொடுத்து, நீங்களே கட்டுங்கள் என்றார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு வேறு காணியில் உதவி நிறுவனங்கள் கட்டிய வீடு. ஒரே அலை, ஒரே இழப்பு. கோட்டுக்கு எந்தப் பக்கம் இருந்தாய் என்பதை வைத்து ஒருவன் வீட்டுக்காரன் ஆனான், மற்றவன் பயனாளி ஆனான்.

"திறப்புத் தந்தவை. ரிப்பன் வெட்டினவை. நல்ல வீடுதான் தம்பி, குறை சொல்லக் கூடாது. ஆனா கடல் பக்கம் யன்னல் இல்லை."

கடற்றொழிலாளிக்குக் காலை எழும்பியதும் கடல் நிறம் பார்க்க வேண்டும், காற்று எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும். அது வரைந்தவருக்குத் தெரியவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். அந்த வீட்டில் ஐயா மூன்று வருடம்கூட இருக்கவில்லை. யுத்தம் வந்து அதையும் எடுத்துக்கொண்டது.

மூன்றாவதை 2014இல் அவரே நின்று கட்டினார். கிழக்குப் பக்கத்தில் இரண்டு பெரிய யன்னல். சட்டம் மரத்தால் போடக் காசு காணாமல் கொங்கிறீற் வார்ப்புச் சட்டம் வாங்கினார். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து இப்போது ஒரு மூலையில் வெடித்திருக்கிறது. அவரே ஒருமுறை பூசியிருக்கிறார், திரும்பவும் வெடிக்கும். கம்பிக்கு மேல் கொங்கிறீற் தடிப்புப் போதாது. அது என் கண்ணில் பட்டிருக்க வேண்டிய பிழை. ஐயாவிடம் சொன்னேன். "பரவாயில்லை. அதுக்குள்ளால கடல் தெரியுது" என்றார்.

திரும்பும் வழியில் கூரையில்லாத சுவர்கள் ஒரு வரிசை, பத்துப் பன்னிரண்டு இருக்கும். 2019க்கு முன் தொடங்கிய வேறொரு வீட்டுத்திட்டம். முதல் கட்டக் காசு வந்தது, அத்திவாரம் போட்டார்கள், கடன் வாங்கிச் சுவரையும் எழுப்பினார்கள். 2019 முடிவில் ஆட்சி மாறியது. அடுத்த கட்டம் வரவில்லை. காத்திருந்த காலத்தில் 2022 நெருக்கடி வந்தது. ஆயிரம் ரூபாவுக்குள் கிடந்த சீமெந்துப் பை 3,000 ரூபாவைத் தாண்டியது. சுவருக்குள் எருக்கலை முளைத்திருக்கிறது. பக்கத்துக் கொட்டிலிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, "பதிய வந்தனீங்களோ?" என்று கேட்டார். பையிலிருந்து அளவு நாடா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது போல. இல்லை அக்கா என்று சொல்லி நாடாவை உள்ளே தள்ளினேன்.

நீங்களே கட்டுங்கள் என்ற சொல்லுக்குள் இந்தக் குழியும் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் காசு வராவிட்டால் வேலையை நிறுத்திவிட்டு வழக்குப் போடுவார். இந்தப் பெண் யார் மேல் வழக்குப் போடுவார்? எங்கள் பயிற்சிக் கூட்டங்களில் பங்கேற்பு என்ற சொல்லை நாளுக்கு நூறு தரம் சொல்வோம். காசு வரும் குழாயை அந்தப் பக்கத்தில் யார் எப்போது மூடுகிறார் என்று பயனாளிக்குச் சொல்லும் கூட்டம் ஒன்றும் நடந்ததில்லை.

ஐந்தாம் நாள்: பஸ்

முல்லைத்தீவிலிருந்து வவுனியா, வவுனியாவிலிருந்து கண்டி, கண்டியிலிருந்து ஹட்டன். முதுகு போய்விட்டது.

வழியில் நினைவு வந்த ஒன்று மட்டும். 2016 அளவில் வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடு வரப்போகிறது என்று ஒரு பேச்சு எழுந்தது. தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பொருத்துவது. ஒன்றின் விலை ஏறக்குறைய 21 இலட்சம் ரூபா. தளபாடமும் சேர்த்து என்றார்கள். அதில் பாதிக் காசுக்குக் கல் வீடு கட்டலாம் என்று எங்கள் மேசன்மார் விரலில் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். பொறியியலாளர்களும் எழுதினார்கள், அரசியல்வாதிகளும் எதிர்த்தார்கள், கடைசியில் அது கைவிடப்பட்டது. ஆனால் தறப்பாளுக்குக் கீழ் இருந்த சிலர் "உருக்கோ கல்லோ, எனக்கு ஒண்டு தாங்கோ" என்று விண்ணப்பமும் போட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சொந்த வீட்டில் இருந்துகொண்டு எதிர்ப்பது சுலபம். உருக்கு வீட்டில் எனக்கிருந்த ஆட்சேபம் வெக்கையும் துருவும் மட்டுமல்ல. அந்தக் காசில் ஒரு சதமும் கல் அரிகிறவன் கைக்கோ, தச்சன் கைக்கோ, ஊர் மேசன் கைக்கோ போயிருக்காது. பத்து வருடம் கழித்து ஒரு தகடு கழன்றால் யாரைக் கூப்பிடுவது?

ஆறாம் நாள்: ஹட்டன் பக்கம் ஒரு தோட்டம்

மழைத் தூறல். தேயிலைக்கு நடுவே ஏறும் பாதை. "வாங்க சார், பாத்து வாங்க, வழுக்கும்" என்று முன்னால் நடந்தவர் இங்குள்ள வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்தின் பொருளாளர். கொழுந்து எடுப்பவர். பெயர் போட வேண்டாம் என்றார்.

மலையகத்தின் கதை வேறு. வன்னியில் காணி இருந்தது, வீடு இல்லை. இங்கே இரண்டும் இல்லை. லயம் என்ற வரிசை வீடு தோட்டத்துக்குச் சொந்தம். காணி அரசுக்குச் சொந்தம், 1992 முதல் நிர்வாகம் கம்பெனிகளிடம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களுக்கு ஒரு ஆணி அடிக்கக்கூட உரிமை இல்லை. இந்திய உதவியில் மலையகத்துக்கென்று ஒதுக்கிய முதல் 4,000 வீட்டில் ஒரு பகுதிதான் இது. ஆளுக்கு ஏழு பேர்ச், 550 சதுர அடி, தனி வீடு. காசு தனித்தனிக் கணக்குக்குப் போவதோடு, கொழும்பில் பிறந்த அந்தச் சமூக ஒப்பந்த முறையும் இங்கே வந்தது. சாமான் வாங்குவது, மேசன் பிடிப்பது, பாதை வெட்டுவது என்று பலதைச் சங்கம் ஒன்றாகச் செய்தது. மலையில் ஒரு ரிப்பர் லொறி மணல் ஏற்றுவதற்கு ஆகும் கூலி சமதரையில் ஆகும் கூலி இல்லை. தனித்தனியாக வாங்கியிருந்தால் அத்திவாரத்திலேயே காசு தீர்ந்திருக்கும்.

"எதை நீங்க முடிவு செஞ்சீங்க?" என்று கேட்டேன். வழியெல்லாம் ஒவ்வொருவரிடமும் ஏதோ ஒரு விதத்தில் கேட்டுக்கொண்டு வந்த கேள்விதான்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "இடம் நாங்க கேட்ட இடம் இல்ல. அந்தா, ஸ்கூலுக்குப் பக்கத்துல கேட்டோம், அது நல்ல தேயிலை, தர மாட்டேன்னுட்டாங்க. வரைபடமும் நாங்க போடல. ஜாமான் எங்க வாங்குறது, யாரு மேசன் பாஸ், யாருக்கு எந்த வீடு, அது நாங்க. யாருக்கு எந்த வீடுன்னு சீட்டுப் போட்டோம். தலைவருக்குக் கடைசி வீடு விழுந்துச்சு, பள்ளத்துல. அன்னைக்குத்தான் சங்கத்து மேல எல்லாருக்கும் நம்பிக்கை வந்துச்சு."

கேட்ட இடம் கிடைக்காததில் எனக்குத் தோட்ட நிர்வாகத்தின் மேல் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபத்தை அப்படியே நீட்ட முடியாது. இந்த மலைகளில் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்ணைப் பார்த்துச் சரி சொல்லாமல் வீடு வைக்கக் கூடாது. மண்சரிவு ஓட்டெடுப்புக்குக் கட்டுப்படாது. ஊர் முழுக்கக் கைதூக்கினாலும் சில சரிவில் கட்டக் கூடாதுதான். ஊரார் முடிவு எதுவரை, நிபுணர் முடிவு எதுவரை, முதலாளி முடிவு எதுவரை என்று பிரித்துச் சொல்லாமல் மூன்றையும் ஒரே காகிதத்தில் சுருட்டிக் கொடுக்கும்போதுதான் மண்ணைப் பற்றிய எச்சரிக்கையையும் ஆட்கள் சாட்டு என்று நினைத்துவிடுகிறார்கள்.

காணி உறுதிப் பத்திரம் கைக்கு வந்ததா என்று கேட்டேன். சில பேருக்கு வந்தது, சில பேருக்கு இன்னும் இல்லை என்றார். அவருக்கு இன்னும் இல்லை. வீட்டுக்கு முன்னால் குரோட்டன் வரிசையாக வைத்திருக்கிறார். லயத்து வாசலில் நட்டால் அது தோட்டத்தின் செடி, இது தன் செடி என்றார்.

கீழ் வரிசை வீடுகளுக்குப் பின்னால் மண் தாங்குசுவர் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. போன மழையில் மேட்டு மண் சமையலறை வரை வந்துவிட்டதாம். யாரும் தந்த காசு இல்லை. வீட்டுக்கு இவ்வளவு என்று சேர்த்து, கல்லை ஞாயிற்றுக்கிழமைகளில் தாங்களே சுமந்து, மேசனுக்கு மட்டும் கூலி. சுவரில் தண்ணீர் வழிய ஓட்டை விட்டிருக்கிறார்களா என்று போய்ப் பார்த்தேன். விட்டிருந்தார்கள். பின்னால் சல்லி நிரப்பவில்லை, அதைச் சொன்னேன். பாஸ் முகத்தைச் சுளித்தார், பொருளாளர் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

காலையில் இறங்கிய மணல் குவியல் பாதையோரம் கிடந்தது. பில்லைக் காட்டி, "சார், மூணு கியூப்னு போட்டிருக்கான். பாத்தா அப்படித் தெரியல. அளக்கத் தெரியுமா?" என்றார்.

நாடாவை எடுத்தேன். ஒரு முனையை அவர் பிடித்தார். மணலை மண்வெட்டியால் தட்டிச் சமமாக்கச் சொல்லி, நீளம், அகலம், உயரம் மூன்று இடத்தில் எடுத்து, பெருக்கிக் காட்டினேன். நூறு கன அடி ஒரு கியூப். இருநூற்று முப்பதுதான் வந்தது. எப்படிப் பெருக்கினேன் என்று திரும்பச் செய்து காட்டச் சொன்னார். காட்டினேன். மூன்றாம் தரம் அவரே செய்தார், கொப்பியில், என் விடை வந்தது.

பிறகு போனை எடுத்து லொறிக்காரருக்கு அடித்தார். "அண்ணே, எங்க இருக்கீங்க? கொஞ்சம் திரும்பி மேல வாங்க. இல்ல இல்ல, காசு ரெடி. வந்து நீங்களே அளந்து காட்டிட்டு வாங்கிட்டுப் போங்க."

நாடாவை அவரிடமே விட்டுவிட்டு இறங்கினேன். ஹட்டனில் நாலு மணிக்கு ரயில்.